ஈப்பன் கோடிழுத்த படங்கள்

விளக்கை நடுவில் நகர்த்துங்கள்… கடைசியில் உட்கார்ந்திருப்பவரும் உள்ளே வந்துவிடுங்கள். இது என் கூட்டாளி பேபிச்சனின் தாய்மாமன் ஈப்பனுக்கு நடந்தது.

மாலை ஆறரை. கோட்டயத்துக்குக் கிழக்கே, ரப்பர் தோட்டத்தின் நடுவே கல்லூரிக்கு ஏறும் சாலை. ஈ காக்காய் இல்லை. மழை விட்டும் இலைகள் சொட்டுகின்றன… சொட்… சொட். ரப்பர் பாலின் புளித்த வாடை. தோளில் மூங்கில் ஏணியுடன் தனியாக ஏறுகிறார் ஈப்பன்.

அந்தக் கல்லூரியின் பழைய படங்களுக்கு அவர்தான் காவல். ஆண்டுதோறும் நிறுவனர் நாளன்று, குறித்த கல்லில் நின்று, ஒவ்வொரு கட்டடத்தையும் பேபிச்சன் படமெடுப்பான். கட்டடம் மட்டும்தான். ஆள் தெரிந்தால், ஈப்பன் சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடிழுத்துப் பெட்டியில் போட்டுவிடுவார். முகம் பார்க்கிற வழக்கமே கிடையாது. அங்கேதான் கோட்டை விட்டார், பாவி மனுஷர்.

அவருடைய ஒரே மகள் லிஸம்மா அதே கல்லூரியின் பெண்கள் விடுதியில் தீயில் போனவள். மரப்படி புகைய ஆரம்பித்தபோது, மூன்றாம் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்பச்சா, எறங்கி ஓடி வரட்டா?"

"வேண்டாம் மோளே, அங்கேயே நில்லு. ஏணி கொண்டாறேன்."

அவர் ஏணியோடு திரும்பியபோது… சரி, விடுங்கள்.

விடுதியைப் பழுது பார்த்தார்கள். அதன் பிறகு அந்தப் பக்கமே அவர் கால் வைக்கவில்லை.

"மாமா, ஹாஸ்டல் படத்துல இந்த வருஷமும் யாரோ நிக்கிறாங்க. விசிலடிச்சு எல்லாரையும் வெரட்டிட்டுத்தான் எடுத்தேன்."

"ஒன் விசிலு லட்சணம் அப்படி. பெட்டியில போட்டுட்டுப் போ."

பதினோரு ஆண்டு. பிறகு விடுதியை இடித்துவிட்டார்கள். ஓய்வு பெறும் அன்று ஈப்பன் பெட்டியைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பதினோரு படத்திலும், சிவப்புக் கோட்டுக்கு அடியில்… லிஸம்மா. அதே கைப்பிடி. கண் கீழே, வாசலைப் பார்த்தபடி. பதினோரு ஆண்டும் படி இருந்தது. ஏறிப் போயிருக்கலாம். சத்தமில்லாமல் அழுதார்.

இன்னும் ஒரு படம் பாக்கி. இடித்த பிறகு எடுத்தது. வெறும் தரை. அதற்கு மேலே, மூன்று மாடி உயரத்தில், ஆகாயத்தில் அவள்.

அன்று மாலைதான் அந்த ஏணி.

விடிந்ததும், விடுதி இருந்த இடத்துக்குப் பேபிச்சன் தேடிப் போனான். ஈரப் புல்லில் கரிந்த மர வாடை. நனைந்தபடி உட்கார்ந்திருந்தார் ஈப்பன். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்… இன்றுவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"எட்டலை."

அவருக்குப் பின்னால் அந்த ஏணி சாய்ந்து நின்றது. சுற்றிலும் சுவரோ மரமோ எதுவும் இல்லை.