ஒற்றை இழை

— ஏன் கேக்கறேன்னா, உங்க வீட்டம்மாவைக் கண்ணுலயே காணோம். எதிர்வீட்டுக்காரிக்கு இதுகூடத் தெரியலைன்னா அப்புறம் எதிர்வீடு எதுக்கு சார்?

— உக்காந்து கேளுங்களேன்.

— உக்காந்தா பேச்சு வளரும், நமக்கெதுக்கு வம்பு. சண்டையா? கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்களா?

— சண்டையெல்லாம் இல்லைங்க.

— சாயந்திரம் ஒரு பொண்ணும் தாடிக்காரத் தம்பியும் வந்து ஒரு காகிதச் சுருளைக் குடுத்துட்டுப் போனாங்களே. அந்தப் பொண்ணு படியில நின்னு அழுதுச்சு. நான் பார்க்கலை, கண்ணுல பட்டுச்சு.

— அவ ஆய்வுக்கூடத்துப் பிள்ளைங்க. இத்தனை வருஷமா அவ தேடின படம் கடைசியில கிடைச்சிருச்சு. இதோ, விரிச்சுப் பாருங்க.

— என்ன சார் இது, ரிப்பன் கடையில எலி புகுந்த மாதிரி இருக்கு.

— புரதம். கிருமியோட தோல்ல இருக்கறது. ஒரு கிருமி செத்து உடைஞ்சா அதோட டிஎன்ஏ வெளியே சிதறும். பக்கத்துல இருக்கற கிருமி நூல் மாதிரி ஒண்ணை நீட்டி அதை இழுக்கும். இந்தப் புரதம்தான் வாசல்ல நின்னு வாங்கி உள்ளே விடும்.

— அப்போ எழவு வீட்டுல புகுந்து பாத்திரத்தைத் தூக்கற கூட்டம்னு சொல்லுங்க.

— அவளும் இப்படித்தான் கிண்டல் பண்ணுவா. பாத்திரம் இல்லை, வித்தை. மருந்துக்குச் சாகாம இருக்கற வித்தை செத்தவன்கிட்ட இருந்தா, அதை உயிரோட இருக்கறவன் எடுத்துக்குவான்.

— மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கறவருக்கு இவ்வளவும் எப்படித் தெரிஞ்சுது?

— சோறு போடும்போது, துணி மடிக்கும்போதுன்னு சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். டிஎன்ஏ ரெட்டை இழை. உள்கதவு ஒண்ணைத்தான் விடும். இன்னொண்ணு வாசல்லயே துண்டு துண்டாப் போயிடும்.

— பாவம், அதுவரைக்கும் ரெண்டும் பின்னிக்கிட்டே வந்திருக்கும்.

— ம். மேல பாருங்க, கண்டுபிடிச்சவங்க பேரெல்லாம் போட்டிருக்கு. முதல் பேரு அவளோடதுதான்.

— பேரு நல்லாத்தான் இருக்கு, படிச்சவங்க பேரு மாதிரி. ஆனா படத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்களே.

— என்ன சொன்னீங்க?

— திருப்புங்க. இந்தப் பள்ளம் மேல பாக்கணும். வர்ற நூல் அதுலதானே வந்து உக்காரணும்?

— இதை... இதை எங்கே பார்த்தீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்லை.

— இதுல யோசிக்க என்ன இருக்கு? தையல் மெஷின்ல நூல் கோக்கறவளுக்கு இது தெரியாதா?

— வேற ஏதாவது தோணுதா?

— தோணுது. இந்த வீட்டைப் பெருக்கி எவ்வளவு நாளாச்சுன்னு தோணுது.

— சரி.

— முகம் ஏன் சார் விழுந்துபோச்சு? நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். உங்க வீட்டம்மாவுக்கு என்னதான் ஆச்சு?

— காய்ச்சல். இதே கிருமிதான். ஆய்வுக்கூடத்துலேர்ந்து ஒட்டினது இல்லை, யார் மூக்குல வேணும்னாலும் இருக்கறது. மூளைக்குப் போயிடுச்சு. டாக்டருங்க போராடித்தான் பார்த்தாங்க. நான் கூட்டிட்டுப் போன ஆளு திரும்பி வரலை.

— அய்யோ, இது தெரியாம அம்மா வீடு அது இதுன்னு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேனே. சுவத்துல அவங்க படம் ஒண்ணுகூடக் காணோமே சார்?

— மாட்டியிருந்தேன். ஒருத்தங்க பார்த்துப் பயந்துட்டாங்க, யாரோ முறைக்கறாங்கன்னு. கழட்டி வெச்சுட்டேன்.

— செத்தவங்க படத்துக்குப் போயி யாரு பயப்படுவா? அதுவும் ஒரு பிறவி. சரி, நான் கிளம்பறேன், எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம். வீடு பூட்டியிருந்தா அக்கம்பக்கம் விசாரிக்கக்கூடத் தெரியாத மனுஷன், வாசல்லயே நிப்பாரு.

— ஆளு எப்படி இருப்பாரு?

— நெட்டையா, தலை நிறைய முடி. நான் என்ன பேசினாலும் புரிஞ்ச மாதிரி தலையாட்டுவாரு. ஒண்ணும் புரிஞ்சிருக்காது. ஆனா எழுந்து மட்டும் போகமாட்டாரு.

— இப்போ எதிர்ல வந்தா அடையாளம் தெரியுமா?

— கேக்கற கேள்வியைப் பாரு. இருட்டுல இருமினாலே தெரியும், கட்டினவ இல்லையா. ஏன் சார், கதவை எதுக்கு உள்ளே பூட்டி வெச்சிருக்கீங்க? திறங்க, அவரு நின்னுக்கிட்டு இருப்பாரு.

— உக்காரும்மா. உன் வீட்டுக்காரன் வந்து ரொம்ப நேரமாச்சு.