முகைதீன் பாயின் மூச்சும் மூன்று ஊர்ப் பெட்டிகளும்

விண்ணையும் மண்ணையும் படைத்து, இரண்டுக்கும் நடுவே எங்களுக்கென்று ஓர் ஏரியையும் விரித்துவைத்த ஆண்டவருக்கு முதல் வணக்கம்.

பேசுகிறவர்கள் நீட்டினால் அடிக்க வேண்டிய மணியை, அடிக்க மனமில்லாமல் மேசைக்கடியில் மறைத்துவைத்திருக்கும் எங்கள் கூட்டுறவுச் சங்கத் தலைவர், பெருமதிப்புக்குரிய ராபர்ட் அண்ணன் அவர்களே! மின்கட்டமைப்புக்கும் மின்சேமிப்புக்கும் பொதுத் தரம் வகுக்க வெளியூரிலிருந்து வந்து, எங்கள் உப்புக்காற்றில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருக்கும் குழுவினரே! நீரோட்டத்தை நிறம் பார்த்தே சொல்லும் நெய்தல் நிலத்துப் பெரியோர்களே! வலையையும் உலையையும் ஒரே கையால் தாங்கும் வளமார் தாய்மார்களே! பந்தலில் இடம் போதாமல் படகு விளிம்பில் பாய்விரித்திருக்கும் பிள்ளைகளே! பழவேற்காட்டு பஜாரிலிருந்தும் சுண்ணாம்புக்குளத்திலிருந்தும் வந்திருக்கும் சொந்தங்களே! முன்வரிசையில், மூக்கில் குழாயும் முகத்தில் குறும்புமாய் வீற்றிருக்கும் முகைதீன் பாய் அவர்களே! அவர் துணைவியாய் இருந்து அவர் நாவைக் கட்டிக்காக்கும் ஜைனம்பு அக்கா அவர்களே! அனைவருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்து பிலோமினாவின் பணிவான வணக்கம்.

பாயின் காலடியில் ஒரு மிஷின் முனகிக்கொண்டிருக்கிறது. காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து அவருக்குக் கொடுக்கிற மிஷின் அது. என் பேச்சுக்கு நடுவே அதன் சத்தம் இடைஞ்சலாக இருந்தால் பொறுத்தருளுங்கள். இன்று நான் பேச வந்ததே அந்தச் சத்தத்தைப் பற்றித்தான்.

நான் படித்தவள் அல்ல. பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையும் விடாமல் வாசித்து, வாசித்ததைப் பக்கத்து வீட்டில் போய்ச் சரிதானா என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள். வீட்டுக் கணக்கு எழுதுகிற கை என்பதால் மகளிர் குழுவின் மின்கணக்கும் என் கைக்கு வந்தது. அழைப்பிதழில் ‘இடைச்செயல்பாட்டுத் தரநிலைகள்’ என்று போட்டிருந்தார்கள். அடுப்படியில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பால் பொங்கி வழிந்தது. வார்த்தை மட்டும் வாயில் நிற்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இது அதோடும் அது இதோடும் சேர்ந்து வேலைசெய்ய வகுக்கும் விதிகள் என்று அதற்கு அர்த்தமாம். ஆனால் அந்த வார்த்தைக்குள்ளே ஒரு மனிதனின் மூச்சு இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

எங்கள் பக்கத்தில் மூன்று பெட்டிகள் உண்டு. பகலெல்லாம் வெயிலைக் குடித்து, வேண்டும்போது மின்சாரமாய்த் தருகிற பேட்டரிப் பெட்டிகள். நீலப்பெட்டி எங்கள் குப்பத்து ஐஸ் ரூமுக்கு ஓர் அறக்கட்டளை கொடுத்தது. பச்சைப்பெட்டி, பழவேற்காட்டில் பாய் வீட்டுத் தெருவுக்கு ஒரு திட்டத்தில் வந்தது. வெள்ளைப்பெட்டி, சுண்ணாம்புக்குளத்தின் குடிநீர் மோட்டாருக்கு ஒரு கம்பெனி கொடுத்தது. கொடுத்த கைகள் மூன்றுக்கும் நன்றி. கொடுத்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல் கொடுத்தார்கள். அதனால் பெட்டிகளும் பேசிக்கொள்ளவில்லை.

ஒன்றின் சொருகி மற்றதில் நுழையாது. ஒன்றின் செய்தி மற்றதற்குப் புரியாது. அளவாவது ஒன்றா? எவ்வளவு மிச்சம் என்று நீலத்தைக் கேட்டால் நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும். பச்சை, யூனிட் கணக்கில் பதில் சொல்லும். வெள்ளையோ வாயே திறக்காது; விளக்கு விளக்காய்க் கண்ணடிக்கும். மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி நான் எப்படிக் கூட்டுவேன்? நெல்லையும் எண்ணெயையும் புடவையையும் கூட்டினால் என்ன விடை வரும்? சூரியன் ஒன்று, ஏரி ஒன்று, எரிகிற வெயில் ஒன்று. பெட்டிக்குள் போனதும் வெயில் மட்டும் மூன்று சாதியாய்ப் பிரிந்தால் அது யார் குற்றம்?

அதோ, எங்கள் பகுதியின் மின்பொறியாளர் ஷாலினி மேடையோரம் நின்று கையை உயர்த்துகிறார். நேரமாகிறது என்கிறார் போலிருக்கிறது. இதோ, சுருக்கிக்கொள்கிறேன் அம்மா. கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஷாலினி அம்மாதான் முதன்முதலில் ஊர் ஊராய் வந்து, மூன்று பெட்டிக்கும் பொது விதி வைத்து இணைப்போம் என்று கெஞ்சினார். கேட்டோமா? அவர் சொன்னது புரியாமல் மறுத்திருந்தாலாவது மன்னிக்கலாம். நன்றாகப் புரிந்துதான் மறுத்தோம். எங்கள் ஐஸ் ரூமைப் பார்த்துக்கொள்ளும் வளர்மதி, “எங்க டப்பாவுல கீறத ஊருக்கு வாரிக் குடுத்துட்டு, ஐஸுக்கு நாங்க எங்க போறதாம்?” என்று கேட்டபோது அதிகம் கைதட்டியவர்கள் நாங்கள். பஜாரிலும் அதே பேச்சு. சுண்ணாம்புக்குளத்திலும் அதே பேச்சு. மூன்று ஊரும் ஒற்றுமையாய் இருந்தது அந்த மறுப்பில் மட்டும்தான்.

அப்புறம் புயல் வந்தது.

புயல் எங்களுக்குப் புதிதா? கூரை போகும், கம்பம் சாயும், பாலத்துக்குப் போகிற பாதையில் ஏரி ஏறி உட்காரும். பழகியவைதான். புயல் ஓய்ந்த பகலில், பச்சைப்பெட்டி தீர்ந்துபோனது. மேகம் மூடிய வானம். தெருவே அதில் போனுக்குச் சார்ஜ் போட்டிருந்தது. பாயின் மிஷின் நின்றது. ஜைனம்பு அக்கா அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரை மாட்டினார். சிலிண்டரின் முள் இறங்கத் தொடங்கியது. ஆம்புலன்ஸ் வர வழியில்லை.

அதே நேரத்தில் எங்கள் குப்பத்தில் நீலப்பெட்டி நிரம்பி நின்றது. படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் ரூம் காலி. செலவழிக்க ஆளில்லாத மின்சாரம் பெட்டிக்குள் சும்மா கிடந்தது. சேதி வந்ததும் அன்று மறுத்துப் பேசிய அதே வளர்மதிதான் முதலில் ஓடினார், பெட்டியைக் கழற்ற. தருமலிங்கம் அண்ணன் தன் பைபர் படகில் அதை ஏற்றிக்கொண்டு ஏரியைக் கடந்தார். நானும் கூடப் போனேன், மாதாவின் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு.

போய்ச் சேர்ந்தோம். பெட்டியை இறக்கினோம். சொருகினோம். நுழையவில்லை.

தருமலிங்கம் அண்ணன் சும்மா நிற்பாரா? அறுந்த கயிற்றை ஆடுகிற படகில் நின்று கட்டுகிற கை அது. பச்சைப்பெட்டியின் ஒயரை வெட்டினார். நாங்கள் கொண்டுபோன உதிரி ஒயரை அதோடு சேர்த்து ஒரு வலைமுடிச்சுப் போட்டார். “நைனா, இந்த முடிச்சு சுறா இழுத்தாலும் வுடாது” என்றார்.

இதோ, அந்த முடிச்சு. ஷாலினி பத்திரமாக எடுத்துவைத்திருந்து இன்று என் கையில் கொடுத்தார். பாருங்கள், இன்னும் அவிழவில்லை. அண்ணே, எழுந்து நின்று எல்லோருக்கும் ஒரு கும்பிடு போடுங்கள். சுறா விடாதுதான். ஆனால் நாம் கட்ட வந்தது சுறாவையா?

முடிச்சு பிடித்தது, மின்சாரம் பிடிகொடுக்கவில்லை. பேட்டரியில் இருப்பதை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற, பச்சைப்பெட்டியோடு வந்த இன்வெர்ட்டர், சிவப்பு விளக்கைப் போட்டுப் பூட்டிக்கொண்டது. வந்திருப்பது யாரென்று அதற்குத் தெரியவில்லை. தெரியாதவனுக்குக் கதவைத் திறக்காதே என்று அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். பூட்டியது நல்லதற்குத்தான், திறந்திருந்தால் அந்த முடிச்சிலேயே தீப்பிடித்திருக்கும் என்று ஷாலினி பிறகு சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இறங்குகிற முள் ஒன்றுதான்.

ஜைனம்பு அக்காதான் பேசினார்: “பொட்டி இவர்கிட்ட வரமாட்டேங்குதுன்னா, இவர பொட்டி ஊட்டுக்குத் தூக்கினு போங்க.”

கட்டிலில் கிடந்த பாய் கண்ணைத் திறந்தார். “நான் இன்னா கருவாட்டுக் கூடையா?” என்றார்.

கருவாட்டுக் கூடையை இறக்குவதைவிடக் கவனமாய், சிலிண்டரோடு அவரைப் படகில் இறக்கினோம். மிஷினை வைத்தோம். எங்கள் நீலப்பெட்டியையும் திரும்ப ஏற்றினோம். அன்பானவர்களே, அந்தப் படகை ஒரு நிமிஷம் மனக்கண்ணில் பாருங்கள். மூச்சுக்குத் தவிக்கிற மனிதர் ஒரு பக்கம். மூச்சைத் தரக்கூடிய மிஷின் அவர் மடிமேல். அந்த மிஷினை நாளெல்லாம் ஓட்டக்கூடிய மின்சாரம் நிறைந்த பெட்டி அவர் தோளை உரசிக்கொண்டு. மூன்றும் ஒரே படகில். மூன்றும் தொட்டுக்கொண்டு. ஆனாலும் ஒன்றால் ஒன்றுக்குப் பயன் இல்லை. தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்ந்துகொண்டு தாகத்தில் சாவதற்குப் பெயர் விதியா? இல்லை. விதி இல்லாததற்குப் பெயர் அது. வகுக்க வேண்டிய விதியை யாரும் வகுக்காததற்குப் பெயர் அது!

குப்பம் வந்தது. ஐஸ் ரூமின் சுவரில், தன்னை அடையாளம் தெரிந்த இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில், நீலப்பெட்டி தன் சொந்த இடத்தில் உட்கார்ந்தது. மிஷின் முனகியது. நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். ஜைனம்பு அக்கா துஆ கேட்டுக்கொண்டிருந்தார். வளர்மதி எல்லையம்மன் குங்குமத்தைக் கொண்டுவந்து, பாய்க்குப் பூசலாமா கூடாதா என்று தெரியாமல் மிஷினுக்குப் பூசிவிட்டார். அந்தப் பொட்டு இன்னும் இருக்கிறது. முன்வரிசைக்காரர்கள் குனிந்து பாருங்கள்.

நேரம் போகப் போக பாயின் உதட்டில் நிறம் திரும்பியது. சுற்றி நின்ற எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

“ஏம்மா, இந்த ரூம்ல இன்னா வச்சிருந்தீங்க?” என்று கேட்டார்.

“எறா, பாய்” என்றார் வளர்மதி.

“மூக்குல குழா வச்சிருக்கறவன்கிட்ட பொய் சொல்லாத. இது நண்டு.”

நண்டுதான். அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

என்ன ஷாலினி அம்மா, மறுபடியும் கையா? ராபர்ட் அண்ணனே மணியடிக்காதபோது நீங்கள் ஏன் அவசரப்படுகிறீர்கள்? முடிக்கிறேன், முடிக்கிறேன்.

ஊர்க்கம்பியில் மின்சாரம் வந்து பாய் வீடு திரும்பியதும், மூன்று ஊர்க் கூட்டம் போட்டோம். இவ்வளவு ஆன பிறகாவது திருந்தினோமா? கூட்டம் தொடங்கி வெற்றிலைத் தட்டு ஒரு சுற்று வருவதற்குள், எந்த ஊர் பெட்டி பெரிது என்ற பேச்சு வந்துவிட்டது. அப்போது ஜைனம்பு அக்கா எழுந்தார். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரியில் மீன்பிடிக்கும் முறைக்குப் பாடு என்று பெயர். இன்ன துறையில் இன்றைக்கு யார் வலையிறக்கலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்போம். முறைக்காரர் இறங்கினால் மற்றவர் விலகி நிற்பார். அவ்வளவுதான்.

அக்கா கேட்டார்: “பாடு எறங்கறப்போ எவன் கட்டுன படகு, எவன் வித்த வலைன்னா கேக்கறீங்க? கண்ணி அளவு சரியா, மொற யாருது, அடுத்தவன் வந்தா வலைய எடுத்துடுவியா, இத்தத்தான கேக்கறீங்க? தண்ணியில கீற ஞாயம் ஒயர்ல மட்டும் ஏன் இல்ல?”

ஷாலினி அந்த இடத்திலேயே எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளாய் அவர் படமாய் வரைந்து காட்டியதும் அதுவேதான். எங்களுக்கு அது எங்கள் ஏரியின் பேச்சில் கேட்க வேண்டியிருந்தது. அன்றைக்கே முறை வைத்தோம். முதல் பாடு மூச்சுக்கு. பிறகு மருந்துக்கு, குடிநீருக்கு, ஐஸுக்கு. கடைசிப் பாடு டிவிக்கு. ஒவ்வோர் ஊரும் தனக்கென்று அடியில் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேலிருப்பது முறைக்காரருக்கு. கொடுத்தது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு என்று மூன்று பெட்டியும் ஒரே அளவில் சொல்ல வேண்டும். அந்த விதியை ஷாலினியும் அவருடைய தோழர்களும் பெட்டிகளுக்குப் புரியும் பேச்சில் எழுதினார்கள். பொதுச் சொருகி வைத்தார்கள். நடுவே ஒரு மொழிபெயர்ப்புக் கருவி வைத்தார்கள்.

குழுவினரே, என் விண்ணப்பம் இங்கேதான். மூன்று பெட்டிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் போதும். நாடு முழுவதும் வீட்டுக்கூரைகளில், வண்டிகளில், படகுகளில் நாளை வரப்போகிற பெட்டிகளுக்கு எத்தனை பேரை வைப்பீர்கள்? பிறந்த பிறகு பேச்சுச் சொல்லிக்கொடுப்பதைவிட, பிறக்கும்போதே பொதுப்பேச்சோடு பிறக்கட்டும். சொருகி ஒன்றாகட்டும். அளவு ஒன்றாகட்டும். பேச்சு ஒன்றாகட்டும். பூட்டும் இருக்கட்டும், அது எங்களைத் தீயிலிருந்து காத்த பூட்டு. ஆனால் சாவி கம்பெனிக்காரர் இடுப்பில் மட்டும் தொங்கக் கூடாது. அவர் கடையை மூடிக்கொண்டு போனாலும் அவர் விற்ற பெட்டி அநாதையாகக் கூடாது. இதை எழுதுங்கள். எழுத்தில் எழுதுங்கள். எவரும் மீற முடியாத எழுத்தில் எழுதுங்கள்!

இது முடியுமா என்று குழுவில் ஓர் ஐயா காலையில் சந்தேகப்பட்டார். நியாயமான சந்தேகம். அதற்குப் பதில் சொல்ல ஒரு சோதனை செய்தோம். இந்த மைக்கை மூன்று பெட்டியிலும் மாற்றி மாற்றி ஓட்டிக் காட்டுகிறேன் என்றார் ஷாலினி. பாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை. “மைக்குக்கா மூச்சு முட்டும்? என் மிஷின வச்சுப் பாரும்மா” என்றார். ஜைனம்பு அக்கா சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டுதான் சம்மதித்தார்.

நான் பேசத் தொடங்கியபோது அந்த மிஷின் எங்கள் நீலப்பெட்டியில் ஓடியது. ஷாலினி முதல் முறை கையை உயர்த்தியபோது பழவேற்காட்டுப் பச்சைப்பெட்டிக்கு மாறியது. இரண்டாம் முறை உயர்த்தியபோது சுண்ணாம்புக்குளத்து வெள்ளைப்பெட்டிக்கு மாறியது. மூன்றும் இந்த மேடைக்குக் கீழேதான் இருக்கின்றன. நேரமாகிறது என்று அவர் சொல்லவே இல்லை. முறை மாறுகிறது என்று சொன்னார்.

கைதட்டலை ஒரு கணம் நிறுத்துங்கள். பிள்ளைகளே, நீங்களும். கேளுங்கள்.

கேட்கிறதா அந்த முனகல்? அது எந்த ஊர் மின்சாரம் என்று சத்தத்தை வைத்து யாராவது சொல்ல முடியுமா? பாய், உங்களுக்குத் தெரிந்ததா?

தெரியவில்லையாம். நண்டு வாசம் வரவில்லை என்பது மட்டும் தெரிகிறதாம்.

இதற்கு மேல் நான் என்ன பேச? சிலிண்டரை இப்போதுதான் மடியிலிருந்து கீழே வைத்த ஜைனம்பு அக்காவுக்கும், பொறுத்துக் கேட்ட குழுவினருக்கும், மணியை மறைத்த தலைவருக்கும் என் நன்றி. நாளை பாடு இறங்குகிற படகெல்லாம் நிறைந்து திரும்பட்டும். வணக்கம், ஸலாம், ஸ்தோத்திரம். உங்கள் ஊரில் எது வழக்கமோ, அதை இந்த ஒரே மைக்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.