காலருக்கு அடியில் விட்ட தையல்

என் பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். வெள்ளை வட்டம், நடுவில் ஏழு என்ற எண். போன ஞாயிற்றுக்கிழமை, இதே ஆலயத்தில், இரண்டாம் பாட்டுக்கு எழுந்து நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். என் எண் பதினொன்று.

சிரிக்காதீர்கள். வணக்கம் சொல்லாமலே ஆரம்பித்துவிட்டேன், தெரிகிறது. மூன்று நாளாக மனப்பாடம் செய்ததெல்லாம் மேடைப் படியிலேயே நின்றுவிட்டது. இதோ, சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அம்மா அவர்களே, போதகர் ஐயா அவர்களே, வாயே திறக்காத என்னை மேடையேற்றிய பெண்கள் சங்கத்துச் செயலாளர் அக்கா அவர்களே, இந்த ஆலயத்தின் தூண்களாக நிற்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்த கையோடு அவசரமாக ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, கடைசியில் சுவரோடு சுவராக நிற்கும் அண்ணன்மார்களே, முதல் வரிசையில் என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருக்கும் என் அம்மாவே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். அன்றாட வாழ்வில் விசுவாசம் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். தலைப்பு பெரியது. எனக்குத் தெரிந்ததோ ஒரு மேசையும் அதன்மேல் குவிந்த சட்டைகளும்தான். அதைத்தான் சொல்ல முடியும்.

பின்னால் கேட்கவில்லையா? மைக்கைக் கிட்ட வைத்துக்கொள்கிறேன்.

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் செக்கிங் மேசையில் நிற்கிறேன். தைத்து வரும் சட்டையை விரித்து, பொத்தானைப் பார்த்து, கையைப் பார்த்து, காலரைத் திருப்பி அடித்தையலைப் பார்த்து, எல்லாம் சரியென்றால் கழுத்தின் உள்பக்கம் எங்கள் எண் போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவோம். அந்த எண்தான் எங்கள் வாக்கு. 'இதை நான் பார்த்தேன்' என்கிற வாக்கு. ஆளுக்கொரு எண், ஆளுக்கொரு ஸ்டிக்கர் ரோல். அடுத்தவர் ரோலைத் தொடக்கூடாது.

எனக்குப் பக்கத்து இடம் ஏழாம் நம்பர் அக்காவுடையது. பதினாறு வருடமாக அங்கேதான் நிற்கிறார். எனக்கு 'ஆமென்' என்று பட்டப்பெயர் வைத்தவரும் அவரே. சாப்பிடும் முன் நான் கண்ணை மூடினால் போதும், "ஏ ஆமென், சாமிய சீக்கிரம் அனுப்பி வைடி, சாப்பாடு ஆறுது" என்பார். மேசையே சிரிக்கும். எனக்கோ உள்ளுக்குள் பெருமை. விசுவாசத்துக்காக ஏச்சு வாங்குகிறேன் அல்லவா?

அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள், சனிக்கிழமை நான்கு மணிக்கு இங்கே பாட்டுப் பயிற்சி. மூன்றே முக்காலுக்கு என் முன்னால் பன்னிரண்டு சட்டைகள் மீதி. என் ரோல் தீர்ந்துவிட்டது. புது ரோல் வேண்டுமென்றால் ஸ்டோருக்குப் போய், வரிசையில் நின்று, கையெழுத்துப் போட வேண்டும். அக்கா தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். அவருடைய ரோல் மேசைமேல் இருந்தது.

என்ன செய்திருப்பேன், நீங்களே சொல்லுங்கள். ஆமாம் தாய்மார்களே, அதையேதான் செய்தேன். ஒரு காலரைக்கூடத் திருப்பவில்லை. பன்னிரண்டிலும் அக்காவின் ஏழாம் நம்பரை ஒட்டினேன். மேசைமேல் கிடந்த பாட்டுப் புத்தகத்தை அள்ளிக்கொண்டேன். துதி பாடப் பறந்தவள், ஒரு பொய்யை ஒட்டிவிட்டுப் பறந்தேன்.

மறுநாள் புத்தகத்தில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன் என்றேனே, பார்த்து என்ன செய்தேன்? நகத்தால் சுரண்டி, உருட்டி, பெஞ்சுக்கு அடியில் போட்டுவிட்டுப் பாடினேன். பாட்டு மாஸ்டரைக் கேளுங்கள், ஒரு சுரம்கூடத் தப்பவில்லை.

திங்கட்கிழமை பேக்கிங் அறையிலிருந்து பன்னிரண்டும் திரும்பி வந்தன. காலருக்கு அடியில் தையல் விட்டிருந்தது. சூப்பர்வைசர் அவற்றைக் கொண்டுவந்து அக்கா முன்னால் போட்டார்.

"பதினாறு வருஷமா நிக்கிறீங்க. காலரத் திருப்பிப் பாக்கத் தெரியலையாம்மா?"

"நான் பாக்காம ஒட்டவே மாட்டேங்க."

"அப்ப ஸ்டிக்கர் தானா நடந்து போய் ஒட்டிக்கிச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த மேடையில் வேறு எதைச் சொல்லாமல் விட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும்: நானும் சிரித்தேன்.

அக்காவை அறையின் மூலையில், கீழே தரையில் உட்கார்ந்து சட்டையில் தொங்கும் நூலை வெட்டுகிற இடத்துக்கு அனுப்பினார்கள். "சனிக்கிழமையோட வீட்டுக்குக் கிளம்பிக்கம்மா" என்றார் சூப்பர்வைசர். அந்த வீட்டில் வேலைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான்.

நான் ஏன் பேசவில்லை? வேலை போய்விடும் என்ற பயம் பாதி. மீதிப் பாதிக்கு நான் சொல்லிக்கொண்ட காரணத்தைக் கேளுங்கள். ஆமென் என்று பெயரெடுத்தவள் இதைச் செய்தாள் என்று தெரிந்தால் ஆண்டவருடைய பெயர் கெட்டுவிடுமாம்! ஆண்டவர் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மதியம் வழக்கம்போலக் கண்ணை மூடினேன். யாரும் கேலி செய்யவில்லை. கேலி செய்கிறவர் மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் திரும்ப வைத்தேன்.

வியாழக்கிழமை காலை சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். "அந்தப் பன்னெண்டும் நான் ஒட்டினதுங்க. நம்பர் அக்காவுது, கை என்னுது" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதான் உங்க கோயில்ல சொல்லிக் குடுக்கிறாங்களா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அக்காவை மேசைக்கு வரச் சொன்னார்; என்னை நூல் வெட்ட இறக்கினார். ஒரு மாதம் பார்ப்பாராம், பிறகு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்வாராம். அம்மா, முறைக்காதீர்கள், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்வோம்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "மூணு நாளு என்னைக் கீழ உக்கார வச்சிட்டு, மேல நின்னுக்கிட்டு கண்ண மூடி ஜெபம் பண்ணியேடி" என்றார்.

சூப்பர்வைசர் கேட்டதற்கு அன்று வராத பதிலை இன்று இங்கே தேடுகிறேன். பெரியோர்களே, விசுவாசம் எங்கே இருக்கிறது? பாட்டில் இருக்கிறதா? நன்றாகத்தான் பாடினேன். ஜெபத்தில் இருக்கிறதா? நாள் தவறாமல் செய்தேன். சாட்சி சொல்வதில் இருக்கிறதா? இப்படி மேடையில் சொல்வதுகூட எளிதுதான் தாய்மார்களே. கைதட்டுவதற்கு நீங்கள் இருக்கிறீர்கள். சூப்பர்வைசர் முன்னால் கைதட்ட யாரும் இல்லை. சட்டை போடுகிறவர் திருப்பிப் பார்க்க மாட்டார், விற்கிறவர் பார்க்க மாட்டார், அந்தக் காலருக்கு அடியில் தையல் இருக்கிறதா? அங்கே இருந்தால் ஆலயத்திலும் இருக்கும். அங்கே விட்டுப்போனால் எத்தனை பாட்டுப் பாடியும் அதை ஒட்ட முடியாது. ஸ்டிக்கர் ஒட்டும். தையல் ஆகாது.

தடுமாறிப் பேசியதைப் பொறுத்துக் கேட்ட உங்கள் காதுகளுக்கும், நான் திக்கியபோது தலையசைத்துத் தைரியம் தந்த தலைவர் அம்மாவுக்கும் நன்றி. எல்லோருக்கும் என் தோத்திரம்.

பாட்டு மாஸ்டருக்கு மட்டும் ஒரு வார்த்தை. நேற்று பயிற்சிக்கு ஏன் வரவில்லை என்று வாசலில் கேட்டீர்கள். நான்கு மணிக்கு என் முன்னால் இன்னும் ஒரு குவியல் இருந்தது. மேசையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"ஏ ஆமென், மணி நாலாச்சே. பாட்டுக்குப் போகலையா?"

"இன்னும் இருக்குதுக்கா" என்றேன்.

நூல் வெட்டுகிறவள் காலரைப் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த சட்டையை எடுத்து, நூலை வெட்டினேன். காலரைத் திருப்பிப் பார்த்தேன்.