இருமலுக்கு ஆடியவர்கள்

பிளேன்டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறீர்கள், முக்தார் சார். தொண்டைக்கு நல்லது. பாடுகிற ஆள் என்று தெரிந்து போட்டீர்களோ, பொலிஸ் நிலையத்துக்கு வருகிற எல்லோருக்கும் இப்படித்தானோ, எதுவானாலும் சந்தோஷம். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

என் பெயர் அழகமுத்து. றக்வானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன். இரத்தினபுரி பஸாரில் மசாலாக் கடை வைத்திருக்கிறேன். ஆனால் சனிக்கிழமை பின்னேரம் ஆற்றோரத்து பாரில் பாடுகிற அழகமுத்து என்றால்தான் ஊருக்கு என்னைத் தெரியும். தமிழ், சிங்களம், யாராவது கேட்டால் ஹிந்தி. வாரம் முழுக்க மிளகாய்த்தூளுக்கு நடுவே நான் மூச்சுப் பிடித்துக்கொண்டு இருந்ததே அந்த மைக்குக்காகத்தான். தூளின் புண்ணியத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கொஞ்சம் செருமிக்கொள்வேன். அது என் வழக்கம்.

பாருக்குப் புது மனேஜர் வந்தார். செந்தூரன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர். ஒருநாள் என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. இப்ப சனம் ஆடத்தான் வருகுது. நீங்கள் பாடத் தொடங்கினா எல்லாரும் போனைப் பாக்கினம். இனிச் சனிக்கிழமையில டீஜே."

எனக்குக் கோபம் வரவில்லை. மேடை யாருடைய சொத்தும் இல்லை.

டீஜே அஜந்தன் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பையன். அவனும் பணிவாகத்தான் வந்தான். "அண்ணே, உங்க குரல ரெக்கோட் பண்ணி வச்சிருக்கேன். சனிக்கிழமை வாங்க, போட்டுக் காட்டுறேன்" என்றான். மனசு குளிர்ந்துபோய், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

அவன் பாட்டை எடுத்திருக்கவில்லை, சார். செருமலை எடுத்திருந்தான். கர்ர், கர்ர், அஹம். அதை மேளத்துக்கு நடுவே போட்டுத் திருப்பித் திருப்பி விட்டான். மண்டபமே எழும்பிக் குதித்தது. வெள்ளைக் களிசான் போட்ட மாணிக்கக்கல் வியாபாரி ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து, "எலகிரி மச்சான்" என்று சிங்களத்தில் பாராட்டி முத்தம் கொடுத்தார். நான் உயிரைக் கொடுத்துப் பாடிய காலத்தில் அதே ஆள் கணவாய்ப் பொரியலில் இருந்து தலை தூக்கியதில்லை.

வயிறு எரிந்தது, சார். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிறகு நான் செய்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆடுகிற இடத்தைச் சுற்றி வெறிச்சென்று இருந்தது. நாலு செடி வைத்தால் லட்சணமாக இருக்குமே என்று தோன்றியது. றக்வானைக்குப் போய் ஓடையோரத்தில் பெரணிச் செடிகளை மண்ணோடு பெயர்த்தேன். அந்த மண்ணில் இரத்தம் குடிக்கிற அட்டை இருக்கும். அட்டை இல்லாத பெரணியை அந்தப் பக்கம் யாராவது காட்டினால் என் கடையை எழுதித் தருகிறேன். பார்வைக்கு அட்டை கொஞ்சம் குறைவாகத் தெரிந்ததால், கூடுதலாகவும் சேர்க்க வேண்டியிருந்தது. சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஈரப்புல்லில் நின்றால் போதும், அவையாகவே வரும். சோற்றுப் பெட்டியில் பாசி வைத்து அவற்றைப் பத்திரமாக மூடினேன்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த றஹீமா டீச்சர், "என்ன அழகு அண்ணே, பெட்டிய மடியிலயே வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"பார்ட்டிக்குக் கொண்டு போறேன் டீச்சர்."

பொய் சொல்கிற பழக்கம் எனக்கில்லை.

செடித்தொட்டிகளைப் பார்த்துச் செந்தூரன் கண் கலங்கினார். "பெரிய மனசு அண்ணை உங்களுக்கு" என்றார். நான் பெட்டியைத் தொட்டிகளில் பிரித்துக் கொட்டித் தண்ணீரும் தெளித்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை முழங்கால் வரை சவுக்காரம் பூசிக்கொண்டு போனேன். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் உப்பு. மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கப் போகிற எல்லோரும் அட்டைக்குப் பயந்து செய்வதுதான். திட்டம் என்று எழுதிவிடாதீர்கள், சார்.

தரை அதிர்ந்தால் ஆள் வருகிறது என்று அட்டைக்குத் தெரியும். அஜந்தனின் ஸ்பீக்கர் அன்று தரையை உலுக்கி எடுத்தது. புகை மிஷின் வேறு ஈரத்தைக் கக்கியது. நான் மூலை மேசையில் சோடா குடித்துக்கொண்டிருந்தேன். என் செருமல் தொடங்கியது. எல்லோரும் ஆடினார்கள். கொஞ்ச நேரத்தில் சிலர் புதுவிதமாக ஆடினார்கள். வியாபாரியின் வெள்ளைக் களிசானில் சிவப்புக் கோடுகள் இறங்கின. அவர் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு களிசானை அங்கேயே விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் கணக்குப் பிழைத்துவிட்டது. அஜந்தன் தோட்டத்துப் பிள்ளை என்பதை மறந்துவிட்டேன். கழுத்தில் ஏறியதை விரலால் உருட்டிச் சுண்டி எறிந்துவிட்டு, மைக்கில், "ஒண்ணுமில்ல, அட்டைதான், பயப்படாதீங்க" என்று அறிவித்தான். விஷயம் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தவர்களும் அதற்குப் பிறகுதான் ஓடினார்கள். அவர்கள் காலில் இருந்ததைப் பிடுங்கிவிட அவனும் பின்னாலேயே போனான். நல்ல பையன், சார்.

உள்ளே மிஞ்சியவர் செந்தூரன். அட்டையை அவர் அதற்கு முன் கண்ணால் கண்டதில்லையாம். பில்லியர்ட்ஸ் மேசைமேல் ஏறி நின்றார். கீழே அவை தலையைத் தூக்கி அவரைத் தேடின.

"அண்ணை, எப்பிடியாவது கொஞ்சம் உப்பு தாங்கோ."

"பொறுங்க தம்பி, பாப்போம்" என்றேன்.

மைக் உயிரோடுதான் இருந்தது. கையில் எடுத்தேன். ஆமாம், சார், உப்பு என் சட்டைப் பையிலேயே இருந்தது. செருமிக்கொண்டு தொடங்கினேன். தமிழ் முடித்தேன், சிங்களம் முடித்தேன், யாரும் கேட்காமலே ஹிந்தியும் பாடினேன். அவர் ஒரு தடவைகூடப் போனைப் பார்க்கவில்லை. கடைசிப் பாட்டில் கண்ணீர்கூட விட்டார். பொட்டலத்தை அதற்குப் பிறகுதான் பிரித்தேன்.

அவர் முறைப்பாட்டில் என்ன சொல்லியிருந்தாலும் சரி, அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் பாட்டை எழுந்து நின்று கேட்ட முதல் ரசிகர் அவர்தான், சார்.