மொட்டைத் தலைக்கு ஒரு மொட்டை

– அந்த மருந்த ஏத்தும்போதே புள்ளைய என் மடியில உக்கார வச்சிருக்கணும். அதான் மொறை. முடி கொட்டுறதா இருந்தாலும் தாய்மாமன் மடியிலதான் கொட்டியிருக்கணும்.

– நீ துபாயில இருந்தியேண்ணே.

– ஒரு போன் போட்டிருந்தா வந்திருப்பேன்ல?

– என்னன்னு போடுறது? உன் மருமவளுக்கு ரத்தத்துல கேன்சரு, திருச்சி ஆஸ்பத்திரியில கீமோ குடுக்கப் போறாங்க, மடிய எடுத்துக்கிட்டு ஓடியான்னா?

– கிண்டல் பண்ணாத சித்ரா. மொத மொட்ட மாமன் மடிக்குச் சேந்தது. அத ஆஸ்பத்திரிக்காரன் எடுத்துக்கிட்டான். நியாயமா இது?

– ஆஸ்பத்திரிக்காரன் எடுக்கல மாமா. தானா வுழுந்துச்சு. எனக்குத் தெரியும்.

– முத்தமிழு, நீ சும்மா இரு. மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்து. அம்மாவும் மாமனும் பேசிக்கிட்டு இருக்கோம்ல?

– இந்தக் கோயிலு அய்யனாரு மட்டும் ஏன் மாஸ்க் போடல?

– அவருக்கு மீசை இருக்கு. வேணாம்.

– மாமாவுக்கும் மீசை இருக்கு. ஆனா போட்டிருக்காரு.

– ஏ சித்ரா, நாலு வயசுக்கு இது என்னா பேச்சு பேசுது?

– ஆஸ்பத்திரியிலயே கெடந்துச்சுல்ல, டாக்டருங்ககிட்ட பேசிப் பேசி வந்தது. அத வுடு. மொட்ட போடுற அய்யாக்கண்ணு எங்க? உன்னோட வரேன்னாரே?

– வந்தாரு. பூலாம்பாடி தாண்டுற வரைக்கும் வண்டியில பின்னாடிதான் உக்காந்திருந்தாரு. பேச்சுவாக்குல, புள்ள தலையில ஏற்கெனவே முடி இல்லன்னேன். வண்டிய நிறுத்துன்னாரு. இருக்குற முடிய எடுக்கத்தான் எங்கப்பன் சொல்லிக் குடுத்தாரு, இல்லாத முடிய எடுத்தா தொழிலுக்கு ஆவாதுன்னு சொல்லிட்டு எறங்கிட்டாரு.

– இப்ப என்னா பண்றது?

– கத்தியக் குடுத்து வுட்டுருக்காரு. நானே போட்டுடுறேன்.

– கத்தியா? ஐயையோ! ஒரு கீறல் படக் கூடாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொல்லியிருக்காங்கண்ணே!

– பதறாத. பிளேடு இல்ல. கழட்டிட்டேன். வெறும் கைப்புடி.

– பிளேடு இல்லாத கத்தியால, முடி இல்லாத தலைக்கு மொட்ட.

– ஆமா. ரெண்டும் சரியாப் போச்சுல்ல?

– சாமிய என்னா ஏமாளின்னு நெனச்சியா?

– யாரு ஏமாத்துறா? சந்தனம் இருக்கு, தேங்கா இருக்கு, மாமன் இருக்கான், மடி இருக்கு. முடி ஒண்ணுதான் இல்ல.

– மொட்டையில அதாண்ணே முக்கியம்.

– அதுக்குத்தான் நீ ஒரு கவர்ல வச்சிருக்கேன்னியே?

– இந்தா. தலகாணியில, பெட்ஷீட்டுல, அவ கவுன்ல கெடந்ததெல்லாம் பொறுக்கி வச்சேன். நர்சு கூட்டித் தள்ளுறதுக்கு முன்னாடி ஓடி ஓடி எடுத்தேன்.

– ஏ, இது என்னா ரெண்டு தினுசா இருக்கு? இது கோர முடி. இது சுருட்ட. நம்ம வம்சத்துல ஏது சுருட்ட?

– அது பாலாஜியோடது மாமா. பக்கத்து பெட்டு. யாருக்கு நெறைய கொட்டுதுன்னு பந்தயம் வச்சோம். நாந்தான் ஜெயிச்சேன். எனக்குத் தெரியும்.

– ரெண்டு பேரும் ஒரே பெட்டுல உக்காந்து வெளையாடுவாங்கண்ணே. கலந்துடுச்சு.

– அந்தப் பையன் எந்த ஊரு?

– ஜெயங்கொண்டம் பக்கம்.

– அவங்க குலதெய்வம் யாரு?

– வீரனாருன்னு சொன்னாங்க. எதுக்குக் கேக்குற?

– எதுக்கா? அவங்க வீரனாருக்குப் போவ வேண்டிய முடி நம்ம அய்யனாரு வாசலுக்கு வந்திருக்கு! அரியலூரு ஜில்லா சாமிக்கு உள்ளத பெரம்பலூரு ஜில்லா சாமி வாங்கிப் போட்டுக்கிட்டா, நாளைக்கு அவரு வந்து நிக்க மாட்டாரா? பிரி. சுருட்டையத் தனியா எடு. நானே பைக்குல போயி அவங்க வூட்டுல குடுத்துட்டு வந்துடுறேன்.

– வேணாம்ணே.

– என்னா வேணாம்? அவங்களுக்கும் மொட்ட பாக்கி இருக்கும்ல? பையன் இப்ப எப்படி இருக்கான்?

– அவன் எங்கிட்ட சொல்லாமயே வூட்டுக்குப் போயிட்டான் மாமா. என் மஞ்ச காரு பொம்மையையும் எடுத்துட்டுப் போயிட்டான். நான் அவனோட டூ.

– முத்தமிழு, சாமி முன்னாடி நிக்குற அந்த மண்ணு குதிரைக்கு எத்தன காலுன்னு எண்ணிட்டு வா. தொடாம எண்ணணும்.

– நாலு. எனக்குத் தெரியும்.

– எல்லாக் குதிரையும் சேத்து எண்ணு. போ.

– ஏன் சித்ரா, புள்ளைய அந்தாண்ட அனுப்புற?

– பங்குனியில போயிட்டாண்ணே அந்தப் பையன். இவகிட்ட இன்னும் சொல்லல. அவங்கம்மா கேட்டா முடியக் குடுக்கலாம்னு இருந்தேன். அந்தப் பொம்பளைக்கு எதக் கேக்கத் தோணும்? எனக்குத் தூக்கிப் போடவும் மனசு வரல.

– சரி. கலந்தே இருக்கட்டும். ரெண்டு சாமியும் பேசித் தீத்துக்கட்டும்.

– அண்ணே, ஒண்ணு சொல்லிடுறேன். உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருக்க முடியல. ஒரு வயசுல போட வேண்டிய மொட்ட இது. அடுத்த லீவுக்கு வரேன், அடுத்த லீவுக்கு வரேன்னு நீ தள்ளிக்கிட்டே போன. நானும் அண்ணன் இல்லாம எப்படின்னு வுட்டுட்டேன். அதான் ஐயா கோச்சுக்கிட்டு எம்புள்ள ரத்தத்துல கைய வச்சுட்டாரு.

– இது யாராலயும் வரலன்னு டாக்டரம்மா சொன்னாங்கன்னு நீதானே சொன்ன?

– அவங்களுக்கு நம்ம அய்யனாரத் தெரியுமா?

– தெரியாதுதான். எனக்கும் இதே பயந்தான் சித்ரா. அங்க சோறு எறங்கல. அதான் வேலைய வுட்டுட்டு ஓடியாந்தேன். கடன இன்னைக்கே முடிச்சுடுவோம்.

– முடிச்சுடணும்ணே. கீமோ முடிஞ்சு இப்ப மாத்திரைக்கு மாத்தியிருக்காங்க. சாமி கடன் பாக்கி நிக்க நிக்க, அந்த மாத்திரை கேக்குமோ கேக்காதோன்னு ஈரக்கொல நடுங்குது.

– மாப்ள என்னா சொன்னாரு?

– சிமெண்டு ஃபேக்டரிக்கு ஷிஃப்டுக்குப் போயிட்டாரு. அண்ணனும் தங்கச்சியும் என்னா கூத்து வேணாலும் அடிங்க, புள்ளைய கூட்டத்துல மட்டும் நிறுத்தாதீங்கன்னாரு.

– நாப்பத்தி ரெண்டு காலு! ஒரு குதிரைக்கு ரெண்டு காலு ஒடஞ்சிருக்கு. அதுக்கு யாரு மருந்து குடுக்குறா?

– மண்ணு குதிரைக்கு எதுக்குத் தங்கம் மருந்து? வா, மாமன் மடியில உக்காரு.

– ஊசி போடுவியா?

– ஊசி இல்ல.

– ஒரே ஒரு ஊசின்னு சொல்லிட்டு மூணு போடுவாங்க.

– சத்தியமா இல்லடா. சித்ரா, தொப்பியக் கழட்டு.

– நீயே கழட்டு. நான் பாக்க மாட்டேன். குளிப்பாட்டும்போது கூட கண்ண மூடிக்கிட்டுத்தான் தண்ணி ஊத்துறேன். அந்தத் தலையப் பாத்தா எனக்கு அன்னைக்கு முழுக்க ஒண்ணும் ஓடாது.

– சரி, திரும்பிக்க. நான் கெழக்கப் பாத்து உக்காந்திருக்கேனா? தண்ணி காய்ச்சி ஆற வச்சதுதானே?

– பிளாஸ்க்குல கொண்டாந்தேன். கையில சானிடைசர் போட்டியா?

– கத்திக்கே போட்டாச்சு. ஐயா, அய்யனாரப்பா! முடி முன்னாடி வந்துடுச்சு, மடி இப்பத்தான் வந்துச்சு. ரெண்டையும் சேத்துக் கணக்கு வச்சுக்க. எங்க புள்ளைய வுட்டுடு.

– சாமி முடிய வச்சு என்னா பண்ணும் மாமா?

– அதெல்லாம் கேக்கக் கூடாது.

– ஏன்? டாக்டருகிட்ட கேட்டா சொல்லுவாங்களே.

– தல ஆடாம இரு.

– கூசுது மாமா.

– இரு இரு. பின்பக்கம் ஒரு இழுப்பு.

– கூசுதுன்னா!

– ஏ சித்ரா.

– என்னா? கீறிட்டியா? ரத்தம் வருதா? சொல்லித் தொலையேன்!

– ரத்தம் இல்ல. கத்தி வழுக்க மாட்டேங்குது. இங்க கைய வச்சுப் பாரு.

– புண்ணாண்ணே? மறுபடியும் எதாச்சும் கெளம்பிடுச்சா? நான் பாக்க மாட்டேன், நீயே சொல்லு.

– கண்ண மூடிக்கிட்டாச்சும் கைய வை. கழுத்துலேருந்து மேல நோக்கித் தேய். தெரியுதா?

– அம்மா, என்னா இருக்கு என் தலையில? எதுக்கு அழுவுற?

– அழுவாத சித்ரா, கண்ணத் தொறந்து வெயில்ல பாரு! பூன முடியாட்டம் தல பூரா மொளச்சிருக்கு! ஐயா கேட்டுட்டாருடி! பொய் மொட்டயெல்லாம் எனக்கு வேணாம்னு அவரே மொளைக்க வச்சு வாங்கிக்கிறாரு! இரு, அய்யாக்கண்ணுக்குப் போனப் போடுறேன். டாக்டரம்மாவையும் ஒரு வார்த்த கேட்டுக்குவோம். மிஷினு வச்சு லேசா இழுத்தாப் போதும்...

– போன வை.

– ஏன் சித்ரா?

– போன உள்ள வைண்ணே. அந்தக் கைப்புடியக் குடு. புள்ளைய எறக்கு மடிய வுட்டு.

– அஞ்சு நிமிசம்தான் ஆவும்.

– ஒத்த முடி மேல உன் வெரலு பட்டுச்சு, ஒடிச்சுப்புடுவேன்.

– பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு? பயந்து செத்தவ நீதானே? கடன் சித்ரா, சாமி கடன்! இதோ எதுருல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காரு!

– பாக்கட்டும். நல்லாப் பாத்துக்கிட்டே இருக்கட்டும். இத நான் அவருக்குத் தர மாட்டேன்.