சைரன் ஏன் ஊதவில்லை?

— ஜன்னல் வழியா பூந்தேன்னு சொல்லிடு காசி. உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்.

— வாசக் கதவைத் தொறந்து ராஜா மாதிரி வந்துட்டு, ஜன்னல்னு எதுக்குண்ணா பொய் சொல்லணும்? ஏட்டம்மா, நீங்களே கேளுங்க.

— யோவ் சகாதேவா, திருடனைக் கும்பிடுற ஆளை இந்த ஸ்டேஷன்ல இப்பத்தான் பாக்குறேன். உன் வெள்ளிச் சாமான்தான் பஸ் ஸ்டாண்டுல இவனோடயே மாட்டிடுச்சே. இன்னும் இன்னா?

— சாமான் கெடக்குது ஜோதியம்மா. திருவண்ணாமலையில திருட்டு அலாரம் விக்கிறவன் நான் ஒருத்தன். என் வீட்டுலயே திருட்டுன்னா? நாளைக்கு ராஜமாணிக்கம் லாட்ஜுல இருபது ரூமுக்கு ஆர்டர்!

— 'இரண்டாயிரமாம் ஆண்டின் காவல்காரன்'னு நோட்டீஸ் அடிச்சியே. நம்பர் தப்பா அமுக்கினா தெருவே அலறும்னு. டேய் காசி, எப்படிடா தொறந்த?

— ஆயுத பூஜைக்கு மிஷினுக்கும் பொட்டு வெச்சிருந்தாங்க ஏட்டம்மா. பத்து பட்டனுக்கும் தனித்தனியா குங்குமம். அமுக்குற பட்டன்ல மட்டும் அழிஞ்சிடும் இல்ல?

— எங்க வீட்டுக்காரி வேதா பக்தியா வெச்சது. நானும் தூபம் காட்டினேன். நேத்து பௌர்ணமிக்கு மிஷினை நம்பி குடும்பத்தோட மலை சுத்தப் போனேன்.

— நாலு நம்பராச்சே. எது முன்னாடி, எது பின்னாடின்னு இவனுக்கு எப்படித் தெரியும்?

— அந்தச் சிரமமே இல்ல ஏட்டம்மா. பூஜ்ஜியத்துல மட்டும்தான் அழிஞ்சிருந்துச்சு. மீதி ஒம்போதும் கல்யாணப் பொண்ணு மாதிரி பொட்டோட நின்னுச்சு.

— நாலும் பூஜ்ஜியமாய்யா?

— கம்பெனிக்காரன் போட்டு அனுப்புற நம்பர், ஜோதியம்மா. உடனே மாத்துங்கன்னு புஸ்தகத்துல மொதப் பக்கமே இருக்கு. நான் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு கடையில மாட்டினேன். படிக்கத்தான் இல்ல.

— அழுவாதீங்கண்ணா. ஜன்னல்னே சொல்றேன். ஆனா ஜன்னலைத் தொட்டாலும் சைரன் ஊதும்னு நோட்டீஸ்ல இருந்துச்சே. ஏன் ஊதலன்னு லாட்ஜ்காரர் கேட்டா?

— கேக்குறான் பாரு! இன்னாய்யா, மிஷின் தண்டமா, நீ தண்டமா? ஒண்ணு சொல்லு, எழுதிக்கிறேன்.

— மிஷின் தங்கம். நான்தான் தண்டம். அப்படியே எழுதிக்கோங்க. ஆனா ரெண்டு நாளைக்கு இவனை மட்டும் வெளிய விட்டுடாதீங்கம்மா. நம்ம இன்ஸ்பெக்டர் ஐயா வீட்டுல நான் மாட்டிக் குடுத்ததும் அதே நாலு பூஜ்ஜியம்தான்.