கொமுன்யோ குடாவின் நீரோட்டம்

எங்கள் ஊருக்கு வரும் பேருந்தின் நேரம் மாறிவிட்டது, ஆய்வாளர் தம்பி. இணையத்தில் இருக்கும் பயணக் கையேட்டில் இன்னும் பழைய நேரமே கிடக்கிறது. நான் இந்தக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பதால் அதைத் திருத்த ஆளில்லை. யாராவது வெயிலில் காத்து நிற்பார்களே என்று காலையிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது.

அந்தக் கையேடு யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம், அழிக்கலாம். எங்கள் ஜேஜு தீவில் அருவி இருக்கிற ஊருக்கும் எரிமலைக் குகை இருக்கிற ஊருக்கும் நீளநீளமாகப் பக்கங்கள் இருந்தன. எங்கள் ஹன்முல்லுக்குப் பெயரைத் தவிர ஒன்றுமில்லை. முழங்கால் வலியால் மற்றப் பெண்களோடு தினமும் கடலில் முக்குளித்துச் சங்கு எடுக்க முடியாமல் போனபோது, மகள் விட்டுப்போன கணினியின் முன்னால் உட்கார்ந்து நான்தான் எழுத ஆரம்பித்தேன். கேரட் வயல், கருங்கல் சுவர், சிப்பிக் கஞ்சி விற்கும் கடை. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு கொமுன்யோ குடாவைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன். ‘பார்க்க அமைதியாக இருக்கும், அடியில் ஓடும் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும், யாரும் இறங்க வேண்டாம்.’ அதன் பிறகு கூட்டம் வந்தது. கரையில் நின்று படம் எடுத்து, கொஞ்சம் பயந்து, கஞ்சி குடித்துவிட்டுப் போனார்கள். எச்சரித்ததற்கு நன்றி என்று எனக்கு எழுதினார்கள். வாழ்நாள் முழுக்கக் கடலில் கிடந்திருக்கிறேன், யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

பியோன் ஜேவுக் சியோலிலிருந்து வந்து, பழைய ஆரஞ்சுக் கிடங்கில் காபிக் கடை போட்டவன். நல்ல பிள்ளை. எங்கள் தீவில் மூத்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் ‘சம்ச்சுன்’தான், சித்தப்பா முறை. பெரும்பாலான வெளியூர்க்காரர்களுக்கு அது வாயில் வராது. அவன் வந்த வேகத்திலேயே என்னைச் சம்ச்சுன் என்று கூப்பிட்டான்.

அவன்தான் அந்த வரியை அழித்தான். நான் திரும்பச் சேர்த்தேன். மறுபடி அழித்தான். இப்படி இழுபறி வந்தால், பேச்சுப் பக்கத்தில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது கையேட்டின் மரியாதை. அங்கே எனக்குத் ‘தெற்குக் காற்று’ என்று பெயர். நான்தான் அது என்று அவனுக்குத் தெரியாது. ‘இதுவரைக்கும் அங்க ஒருத்தருக்காவது ஏதாவது ஆயிருக்கா? செய்தி இருந்தா காட்டுங்க’ என்று கேட்டிருந்தான்.

நியாயமான கேள்வி. நன்றாக யோசித்தேன். அந்தக் கோடையில் ஒரு பெண் குடாவில் நீந்திக்கொண்டிருந்தாள். நான் கடல்பாசி அறுக்கும் அரிவாளோடு அடியில் போய், அவள் குதிகாலுக்கு மேலிருக்கும் நரம்பை அறுத்தேன். ஒரே இழுப்பு. அவளைக் கரைக்கு இழுத்து வந்ததும் நான்தான், என் தலைத்துணியால் கட்டுப் போட்டதும் நான்தான். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். குடாவில் பாறை கிழித்துப் பெண் காயம் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் சிறிதாக ஒரு செய்தி வந்தது. அதைக் கையேட்டில் ஆதாரமாகப் போட்டேன். ‘பாறை கிழிச்சா அதுக்குப் பேரு நீரோட்டமா?’ என்று எழுதிவிட்டு அவன் மறுபடி அழித்தான். அவன் சொன்னதிலும் தப்பில்லை.

அடுத்த வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“சம்ச்சுன், ஒரு ஒத்தாசை பண்ணணும். இணையத்துல தெற்குக் காத்துன்னு ஒரு கிறுக்கன். கடல்ல காலே வெச்சிருக்க மாட்டான். நீரோட்டம் நீரோட்டம்னு உயிர வாங்குறான்.”

“எழுதிட்டுப் போறான். உனக்கென்னப்பா நஷ்டம்?”

“பொய்யாச்சே. நம்ம ஊரு பேருல பொய் இருக்கலாமா? நாளைக்கு இறங்கி வீடியோ எடுத்துப் போட்டுர்றேன். நீங்க என் கடல்தோழியா கூட வாங்க.”

“கடல்தோழின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?”

“ஒருத்தர் முங்கினா, மேல வர்ற வரைக்கும் இன்னொருத்தர் கண்ண எடுக்கக் கூடாது. சரிதானே?”

“சரிதான். கடைய யாருகிட்ட விட்டுட்டு வருவே?”

“ஈதானே வருது. அதுகிட்டயே விட்டுட்டு வரேன்.”

நான் சிரித்தேன். அவனோடு பேசினால் சிரிப்பு வரும். ‘நம்ம ஊரு’ என்று அவன் சொன்னதும் எனக்குப் பிடித்திருந்தது.

சங்கு எடுக்கத் தடை இருக்கும் மாதம் அது. கடலில் எங்கள் பெண்கள் ஒருத்தியும் இல்லை. எல்லோரும் கேரட் விதைத்துக்கொண்டிருந்தார்கள். குடாவின் நடுவில் பாறைக்கு அடியில் ஒரு வளைவு உண்டு. “அங்கதான் இழுக்கும்பாங்க, போய்ப் பாரு” என்றேன். தலைகீழாக இறங்கினான். நான் பின்னால் போய் அவனுடைய கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டேன். முதலில் விளையாட்டு என்று நினைத்தான் போலிருக்கிறது, திரும்பிப் பார்த்து, நீச்சல் கண்ணாடிக்குள் சிரித்தான். பிறகு உதைத்தான். எனக்கு முன்பல் ஒன்று போனது. அவன் கேமரா ஆழத்தில் விழுந்தது.

வளைவின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டான். பாறையில் ஒட்டிய சிப்பியை மெதுவாகத் தொட்டால் அது இன்னும் இறுக்கிக்கொள்ளும். இரும்பைச் சட்டென்று அடியில் செருகி நெம்ப வேண்டும். விரல்களும் அப்படித்தான். ஒவ்வொன்றாக நெம்பினேன். எலும்பு முறிவது தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். என் மூச்சு அவன் மூச்சைவிட நீளம், வேறு சாமர்த்தியம் ஒன்றுமில்லை. வாயிலிருந்து காற்று மொத்தமும் போய், உடம்பு துள்ளி அடங்கும் வரை அவன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடல்தோழி செய்ய வேண்டியது அதுதானே.

சாவு வீட்டில் மூன்று நாளும் நான்தான் சமையல். அழுதது நடிப்பில்லை, அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. பாறையில் மோதி விரல்கள் முறிந்தன என்று எல்லோரும் நம்பினார்கள். ‘நீரோட்டத்தில் சிக்கி இளைஞர் பலி’ என்று பத்திரிகையில் வந்தது. அதை அந்த வரிக்கு ஆதாரமாகச் சேர்த்தேன். பிறகு யாரும் அழிக்கவில்லை. தெற்குக் காற்று சொன்னதுதான் சரி என்று பேச்சுப் பக்கத்தில் முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். அதைப் பலமுறை படித்தேன்.

நான் மாட்டியது எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். அடியிலிருந்து மேலே வந்ததும் எங்கள் உதடு தானாகக் குவிந்துகொள்ளும், நெஞ்சுக் காற்று விசிலாக வெளியே போகும். ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு சத்தம். அன்று அவனை விட்டுவிட்டு மேலே வந்தபோதும் என் உதடு பழக்கத்தை விடவில்லை. வயலில் குனிந்திருந்த புன்யோ நிமிர்ந்துவிட்டாள். சின்ன வயதிலிருந்து என் கடல்தோழி அவள். அன்று நான் கடலில் இறங்கவே இல்லை, அவன் கூச்சல் கேட்டுத்தான் வீட்டிலிருந்து ஓடிவந்தேன் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தேன். அவள் பாவம், சோறு இறங்காமல் தவித்துவிட்டு உங்களிடம் வந்தாள். “அது அவ மூச்சு. அத நான் மாத்திக் கேக்க மாட்டேன்” என்று அழுதாளாமே. அவளையும் நான் குறை சொல்லவில்லை.

குடாவில் நீரோட்டம் உண்டா என்று கேட்டீர்கள். நான் எழுதியபோது இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி மாதிரிதான் கிடந்தது. ஆனால் இப்போது அங்கே இறங்கிய ஒருவன் திரும்பி வரவில்லை, ஒருத்தி நொண்டுகிறாள். ஆக, என் வரி தப்பில்லை.

எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் சொன்னது வெளியே போனால் அந்த ஆதாரம் செல்லாது, நாளைக்கே யாராவது வரியை அழித்துவிடுவார்கள். உங்கள் அறிக்கையில் நீரோட்டம் என்றே எழுதுங்கள். பயணிகள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

முடியாது என்று தலையாட்டுகிறீர்கள். அப்படியானால் ஒரு தடவை என்னைக் குடாவுக்குக் கூட்டிப் போங்கள், நீங்களும் கூட இறங்குங்கள், தம்பி. எப்படி இழுக்கிறது என்று உங்களுக்கே காட்டுகிறேன். அந்தப் பக்கத்தில் பொய்யாக ஒரு வரியை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வராது.